மந்திரவாதி பிரார்த்தனை செய்த கதை

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் குரலுக்குக் கட்டுப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவள் சொன்னால் போதும், மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டமே எழுந்து அந்தப் பக்கம் ஓடும். நடத்துனர்கள் அவளை ‘மைக்கக்கா’ என்பார்கள். மைக்கின் தலையில் மாட்டிய பஞ்சுறையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக்கொண்டு வருகிறவள் அங்கே அவள் ஒருத்திதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நேரக்காப்பாளர் ஒரு விதி சொல்லிக்கொடுத்திருந்தார். “வண்டி வராதுன்னு மட்டும் வாயில வரக்கூடாதும்மா. தாமதமா வரும்னு சொல்லு. கொஞ்ச நேரம் உட்காருவாங்க, அப்புறம் அவங்களே புரிஞ்சுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க.” அதன்படி, வழியிலேயே அச்சு முறிந்து படுத்துவிட்ட வண்டிகளையும் அவள் தாமதமாக வரவழைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததில்லை. பொய்யைப் பற்றி அவளுக்குக் கறாரான கருத்துகள் இருந்தன.

அந்தக் கருத்துகள் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வந்தவை. விடுமுறை நாள்தோறும் அங்கே வேதம் வாசிப்பவளும் அவளே. ஒருநாள் கூடத்துப் பெரியவர், பிள்ளைகள் படிக்கிற மாயாஜாலக் கதைகளை ஒரு பிடி பிடித்தார். கடவுளிடம் கேட்டுப் பெற வேண்டியதைக் கள்ளச்சாவி போட்டு எடுக்கக் கற்றுக்கொடுக்கிற புத்தகங்கள் என்றார். இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பச்சைப் பிள்ளைகளை ஏமாற்றுகின்றன என்றார். அவர் அவற்றில் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. திறந்தால் தீட்டு என்பதால் திறக்காமலே தெரிந்துவைத்திருந்தார். அவளுக்கு அது பெரிய சக்தியாகவே பட்டது.

வீட்டில் நிலைமை வேறு. அண்ணன், அண்ணி, அவர்களுடைய மகள், இவள் என்று நாலு பேருக்கு மூன்று அறைகள். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பகலெல்லாம் அந்தரத்தில் தொங்கிவிட்டு வந்து தரையில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். அவளுக்குக் கடவுள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பழக்கம் போதாது, அவ்வளவுதான். மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. பெயருக்கு ஏற்ற மாதிரி கால் தரையில் நிற்காது. ஆனால் அம்மா புத்தகத்தைத் திறந்தால் மட்டும் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடும்.

நெஞ்சில் கட்டி என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் அண்ணி அந்தத் தடிப் புத்தகத்தை வாங்கிவந்தாள். மந்திரக்கோல் ஒடிந்துபோனதால் மரக்கரண்டியை வைத்து மந்திரம் போடுகிற ஒரு கிழவனின் கதை. தினம் ஓர் அத்தியாயம் என்று ஆரம்பித்தாள். சீக்கிரமே இரண்டு வரிக்குமேல் மூச்சு நிற்கவில்லை.

“இனிமே நீ படி. உனக்குத்தான் தொண்டை இருக்கே” என்றாள்.

“அண்ணி, இது அந்த மாதிரிப் புத்தகம்...”

“எந்த மாதிரி?”

“மந்திரம் தந்திரம்லாம் வேணாம்னு கூடத்துல சொல்லியிருக்காங்க.”

“அப்ப உங்க பெரியவரை வந்து படிக்கச் சொல்லு. அவருக்கும் தொண்டை நல்லாத்தானே இருக்கு.” அண்ணி சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. “எப்படியாவது கடைசிவரைக்கும் படிச்சிடு. நடுவுல விட்டுடாதே.”

சாகக் கிடப்பவளுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது? கூடத்துக்கு விரோதமாகத்தான் எப்படிப் போவது? அவள் நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தாள். மதிய இடைவேளையில், கண்ணாடி அறையில் ரொட்டியைத் தின்றுகொண்டே, சாயங்காலம் படிக்க வேண்டிய அத்தியாயத்தை முன்கூட்டியே படித்தாள். கிழவன் மந்திரம் போட்ட இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்து, ‘பிரார்த்தனை செய்தான்’ என்று மேலே எழுதினாள். கரண்டியை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டிருந்தது.

ஆக, அவள் வாயில் கிழவன் கரண்டியால் தட்டிக் கண்ணை மூடிப் பிரார்த்தித்தான், பூட்டு திறந்தது. பிரார்த்தித்தான், வறண்ட கிணறு பொங்கியது. பிரார்த்தித்தான், நொண்டி நாய் எழுந்து ஓடியது. தூரத்திலிருந்தே பிரார்த்தித்தான், மூழ்கப்போன கப்பல் கரை சேர்ந்தது.

“அத்தை, அம்மா படிச்சப்ப மந்திரம்னு இருந்துச்சே?”

“அது அப்போ. இப்போ அவன் திருந்திட்டான்.”

கட்டிலிலிருந்து அண்ணி கேட்டாள்: “ஏன்டி வாலு, கரண்டிக்காரன் அத்தைகூடக் கூடத்துக்குப் போக ஆரம்பிச்சிட்டானா?”

அன்று எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்கூட. ஆனால் வாலு வெளியே போனதும் அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “விளையாட்டுக்குச் சொல்லலை. அதை மாத்தாதே. மந்திரம்னா கதைன்னு அவளுக்குத் தெரியும். நீ சொல்றதை நெசம்னு நம்பிடுவா.”

“நம்பினா நல்லதுதானே அண்ணி?”

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து அறை வாசலில் அவள் ஒரு காட்சியைக் கண்டாள். சமையலறை மரக்கரண்டியை அம்மாவின் நெஞ்சில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாலு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. “குறுகுறுக்குதுடி” என்று அண்ணி நெளிந்தாள். அத்தைக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த விடுமுறை நாளில் கூடத்தில் அதைச் சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெரியவர், ஒரு குழந்தையை மீட்டுவிட்டாய் என்றார். எந்தப் புத்தகத்திலிருந்து மீட்டாளோ அதிலிருந்துதான் குழந்தை அதைக் கற்றுக்கொண்டது என்பதை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அண்ணியை மருத்துவமனையில் சேர்த்த வாரம், கதை மாவு மில்லுக்காரன் வீட்டு அத்தியாயத்துக்கு வந்தது. மில்லுக்காரன் மனைவி சாகக் கிடக்கிறாள். சின்ன மகள் ஓடிப்போய்க் கிழவனைக் கூட்டிவருகிறாள். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறான்: ‘சாவை நிறுத்துகிற மந்திரம் இல்லை, குழந்தாய். எவனிடமும் இல்லை. அது உன் தப்பும் இல்லை. போய் அவள் பக்கத்தில் உட்கார். செய்யக்கூடியது அது ஒன்றுதான்.’

பென்சில் அந்தரத்திலேயே நின்றது. ‘மந்திரம்’ என்று இருக்கிற இடத்தில் வழக்கமான சொல்லைப் போட்டு, சத்தம் வராமல் உதட்டால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ‘சாவை நிறுத்துகிற பிரார்த்தனை இல்லை.’ அதை எழுத அவளால் முடியாது. அப்படியே விட்டுவிடலாம் என்றால், திருந்தியவன் மறுபடி மந்திரவாதி ஆகிவிடுவான். வெளியே ஓர் ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினார். “மைக்கக்கா, என் வண்டியைச் சொல்லலையா?” சொன்னாள்.

சாயங்காலம் வாலுவுக்குப் படிக்கும்போது, அந்தத் தாள்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி சேர்த்துப் பிடித்து ஒன்றாகப் புரட்டி, அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. தாமத வண்டிகளைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல்.

மறுநாள் மருத்துவமனையில் அண்ணி முதலில் கேட்டது அதைத்தான். “மில்லுக்காரன் வீடு வந்துடுச்சா?”

“...வந்துடுச்சு அண்ணி.”

“படிச்சிட்டியா? வாலு என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை.”

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநாளாகச் சுமந்த பாரத்தை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்ட மாதிரி முகம் தளர்ந்தது. “என்னால சொல்ல முடியலை. அதுக்குத்தான் வாங்கினேன்” என்றாள். “நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. பக்கத்துல உட்காரட்டும்.”

அவள் படிக்கட்டில் வேகமாக இறங்கினாள். இன்று போனதும் படித்துவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். வாலு கரண்டியோடு ஜன்னல் முன்னால் நின்றிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் புத்தகம் அலமாரியிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் கூட்டிப்போக அண்ணன் வந்தான். வாலு நகரவில்லை. “நான் வரலைப்பா. கரண்டித் தாத்தா தூரத்துல இருந்தே பிரார்த்தனை பண்ணிக் கப்பலைக் காப்பாத்தினாரே? நடுவுல நிறுத்தினா கெட்டுப்போயிடும். அம்மா நடந்தே வருவாங்க பாரு. வருவாங்கதானே அத்தை?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை வாயைத் திறந்தாள்.

“வருவாங்க. கொஞ்சம் தாமதமா வருவாங்க” என்றாள்.

அண்ணன் தனியாகப் போனான். மறுநாள் காலை தனியாகவே திரும்பிவந்தான்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, வாலு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்த குரலில் கேட்டது: “ஒரு தடவை கண்ணைத் திறந்துட்டேன் அத்தை. அதனாலயா? இல்ல, கரண்டி மாத்தி எடுத்துட்டேனா?”

அத்தை எழுந்துபோய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அன்று ஒட்டிக்கொண்டதாகக் காட்டிப் புரட்டிய தாள்களைப் பிரித்தாள். மந்திரம் என்று இருந்ததை மந்திரம் என்றே படித்தாள். ‘அது உன் தப்பும் இல்லை’ என்கிற இடத்தில், ஊரையே நடைமேடைக்கு விரட்டிய அந்தக் குரல் உடைந்தது. வாலுதான் விரலை வைத்து மிச்சத்தை எழுத்துக்கூட்டி முடித்தது.

“இது எப்போலேர்ந்து இதுல இருக்கு?”

“மொதல்லேர்ந்தே.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்டா. நான்தான் மாத்திப் படிச்சேன். நல்லதுன்னு நினைச்சு...”

அத்தை பென்சிலால் அடித்த இடங்களையெல்லாம் வாலு முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தது. திட்டவில்லை, கத்தவில்லை. “பக்கத்துல உட்காரலாம்னு போட்டிருக்கு” என்று மட்டும் சொன்னது. பிறகு கரண்டியைச் சமையலறையில், அது வழக்கமாக இருக்கும் டப்பாவில் வைத்துவிட்டு வந்தது.

கூடத்தில் இன்றும் அவள்தான் வாசிக்கிறாள். பேருந்து நிலையத்தில் இன்றும் அவள் சொன்ன பக்கம் கூட்டம் ஓடுகிறது. ஊர் அந்தக் குரலை நம்புகிறது. வீட்டில் மட்டும், பள்ளிக்கூட அறிவிப்போ, மருந்துச் சீட்டோ, சோப்பு உறையோ, எதை அவள் உரக்கப் படித்தாலும், பக்கத்து அறையிலிருந்து ஒரு கேள்வி வரும். அதில் கோபம் இருக்காது. வழி தெரியாத பயணி கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் இருக்கும்.

“அதுல அப்படியேதான் இருக்கா, அத்தை?”