வலி என்றால் இழு

நெட்டுக்குப்பத்து மோகனப்ரியா பாஸ்கெட்பால் ஆட வந்ததற்கு அவளுடைய உயரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உயரம் எனக்கும்தான் இருந்தது. நான் தண்டையார்பேட்டையில் நைட்டிக் கடை வைத்திருக்கிறேன். உயரமாவது மண்ணாவது, எல்லாம் அவளுடைய பிடிவாதம். ராயபுரத்துப் பள்ளியில் அவளோடு ஒரே டீமில் ஆடிய நவ்ரீன் சொல்கிறேன், நம்பலாம்.

மாநில அணி வரைக்கும் போனாள். அங்கே முட்டியில் ஜவ்வு அறுந்தது. இனிமேல் குதிக்கக் கூடாது என்றார் டாக்டர். "நிக்கலாம்ல?" என்று கேட்டாள். நிற்கலாம் என்றார். நின்றுகொண்டே செய்கிற வேலையாகப் பார்த்துப் பயிற்சியாளர் படிப்பில் சேர்ந்தாள். பல வருஷம் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து தட்டக் கற்றுக்கொடுத்தாள். அதற்கப்புறம்தான் ஒரு தனியார் கிளப், சம்பளத்துக்கு ஆடுகிற பெண்கள் அணிக்கு அவளைக் கூப்பிட்டது. ஒரு சீசன் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள். அந்த நிரந்தரத்துக்காக அவள் எதையும் செய்வாள் என்றுதான் நினைத்தேன்.

வினை ஒரு வார்த்தையில் வந்தது. எங்கள் பக்கம் 'வலி' என்றால் இழு. ரிக்‌ஷா வலிப்பார்கள், துடுப்பு வலிப்பார்கள். குப்பத்தில் கரையில் நின்று வலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து கத்துவதும் அதுதான். பந்து எதிரணி கைக்குப் போனதும் ஐந்து பேரும் ஒன்றாகப் பின்னால் ஓடிவர வேண்டும்; அதற்கு மோகனா "வலி, வலி" என்று கத்துவாள். பயிற்சியில் கேட்டுக் கேட்டுப் பெண்களுக்குப் பழகிவிட்டது.

அணியின் பிசியோதெரபிஸ்ட் தீபன், தஞ்சாவூர்க்காரர், தங்கமான பிள்ளை. முதல் மேட்ச் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். கடைசி நிமிடம், ஸ்கோர் சமம். மோகனா "வலி" என்று கத்தினாள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று தீபன் ஸ்பிரேயைத் தூக்கிக்கொண்டு ஆடுகளத்துக்குள் பாய்ந்துவிட்டார். யாரும் விழுந்திருக்கவில்லை. இருந்தாலும் வந்ததற்கு ஒருத்தியின் முட்டியில் ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார். நடுவர் விசில் ஊதி ஃபவுல் கொடுத்தார். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அந்த ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "மேடம், டிவில வர்ற மேட்ச் இது. டீசன்ட்டா 'பேக், பேக்'னு சொல்லிப் பழகுங்க. இல்லன்னா நிரந்தரம் பத்திப் பேச முடியாது."

சரி என்று வந்துவிட்டாள். அடுத்த மேட்சில் "பேக்" என்றாள். பெண்கள் பின்னால் வந்தார்கள், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில். தோற்றார்கள். முடிந்ததும் மதி என்கிற ஆட்டக்காரி கிட்டே வந்து, "அக்கா, எங்க மேல கோவமா? யாரோ மாதிரி கூப்பிட்டீங்க" என்றாள்.

மோகனா நேராக என் கடைக்கு வந்து நைட்டி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"நவ்ரீனு, வேலய வுட்டுறப் போறேன்."

"பைத்தியமாடி நீ? ஒரு வார்த்தைக்காவா?"

"நா இன்னா வேணும்னேவா சொல்றேன்? பந்து போச்சின்னா அதான் வாயில வருது. 'பேக்'குனு ரோசன பண்ணிகினு நின்னா, அதுக்குள்ள அவளுங்க கூடையில போட்டுட்டுப் போய்டுறாளுங்க."

கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன், வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு. மேனேஜரிடம் அவள் நின்றுகொண்டே சொன்னாள். "அந்த வார்த்தைய வுட முடியாது சார். எங்க பக்கம் வலின்னா இழுன்னு அர்த்தம். வேணும்னா நா போய்டுறேன்."

மேனேஜர் போனை எடுத்தார்.

"தீபன், கோச் வலின்னு கத்துனா உள்ள ஓடாதீங்க. இழுன்னு அர்த்தமாம்."

போனை வைத்துவிட்டு, "முடிஞ்சுது மேடம். நீங்க பிராக்டிஸுக்குப் போங்க. நிரந்தரத்துக்கு நான் சொல்லிடறேன்" என்றார்.

வெளியே வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சும்மா நின்றாள்.

"இன்னாடி, சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். ஒரே ஒரு போனு, நவ்ரீனு. அவ்ளோதான் வேல. ஆனா அவங்களுக்கு மொதல்ல எம் வாயத்தான் மாத்தணும்னு தோணிகீது."