எஸ்தர் முகத்தில் நான் தேடிய சாயல்

எனக்கு எழுபத்துமூன்று வயது. நான்கு பிள்ளைகளைப் பெற்று, நான்கு பேரையும் வளர்த்து ஆளாக்கினேன். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் மல்லாத்திப் போட்டு, சங்கில் பால் புகட்டினால் என் பிள்ளைகள் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பார்கள். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பால் புகட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காயைத் தரம் பார்த்துப் பொறுக்குவது என் வேலை. முதலில் பச்சை பார்க்க வேண்டும், பிறகு பருமன். வெளுத்தது ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். நான் பொறுக்கிய குவியலை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. வேதாகமத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் மனதில் ஒரு கேள்வி வந்துவிட்டால் விடமாட்டேன்.

என் கடைசி மகள் ஜெயமணிக்குக் கல்யாணமாகி வெகு காலம் பிள்ளை இல்லை. ஒரு வருஷம் வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தேன். மேல் உதடு ஒரு பக்கமாக மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் சேரவில்லை.

“ஆபரேஷன் பண்ணித் தைச்சிரலாம். ஆனா பிள்ளை எடை கூடணும். அதுவரைக்கும் எப்படியாவது பால் உள்ளே போகணும்” என்றார் டாக்டர்.

அந்தப் பால்தான் போகவில்லை. மார்பில் வைத்தால் பிள்ளையால் இழுக்க முடியவில்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்று சங்கை எடுத்தேன். கால்மேல் போட்டுப் புகட்டினேன். பால் மூக்கு வழியாக வந்தது. பிள்ளைக்கு மூச்சுத் திணறி முகம் நீலமாகிவிட்டது. தூக்கித் தட்டினேன். நாள் போகப் போகப் பிள்ளை வற்றிக்கொண்டே போனது. அழுகைகூடப் பூனைக்குட்டிச் சத்தம் போல ஆகிவிட்டது.

கிரகணத்தன்று ஜெயமணி கத்தரிக்காய் நறுக்கியதால்தான் இப்படி என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். ஜெபம் பண்ணுகிற வீட்டுக்காரர்களே சொன்னார்கள். அவளும் நம்பிவிட்டாள். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியே வைத்திருந்தாள்.

“ஏம்மா, நான் கத்திரிக்கா நறுக்குனதுக்கா இப்புடி?”

“அன்னிக்கு இந்தத் தேனி ஜில்லாவுல எத்தனை பொம்பளை காய் நறுக்கியிருப்பா? எல்லார் பிள்ளைக்குமா ஒதடு பிளந்துச்சு? துணிய எடு ஆத்தா, பிள்ளை மூச்சு விடட்டும்.”

அவளிடம் அப்படிச் சொன்னேனே தவிர, எனக்குள் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் தேவ சாயலாக உண்டாக்கப்பட்டவன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். சாயல் என்றால் என்ன? அப்பன் சாயல் என்றால் மூக்கைச் சொல்வோம், நெற்றியைச் சொல்வோம். தேவனுக்கு ஏது மூக்கு? இந்தப் பிள்ளையிடம் அந்தச் சாயல் எந்த இடத்தில் இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. குவியலுக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி அந்த முகத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

போதகர் ஜெபிக்க வந்தபோது அவரிடமே கேட்டேன். “ஐயா, சாயல் ஒடம்புலயா இருக்கு, உள்ளயா?”

“உள்ளதாம்மா. நம்ம புத்தியில, பேச்சுலன்னு பெரியவுக சொல்லியிருக்காக.”

“இதுக்குப் புத்தி இன்னும் வரலை. பேச்சு வருமோ வராதோ. அப்ப?”

அவர் பிள்ளையின் தலையில் கை வைத்தார். “எனக்கும் தெரியலைம்மா. ஜெபம் பண்ணுவோம்” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் பேச்சி வந்தாள். என்னோடு காய் பொறுக்குகிறவள், கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். அவளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவில்லை.

“எவடி இவ!” என்றாள். “வாய் பிளந்த காயை ஏலக்கா இல்லேன்னு எவனாச்சும் சொன்னானா? ஒடைச்சா அதே வாசந்தான். வெலதான கொறையும். ஒஞ் சாமி என்ன, வெல பாத்தா வாங்குது?”

“ஏண்டி, எங்க சாமிக்கு நீ வக்காலத்தா?”

“பிள்ளைக்குத்தாண்டி! ஒஞ் சாமிக்கு நான் எதுக்கு?”

அன்று சாயங்காலம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். “ஆண்டவரே, சாயல் எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியலை. ஆனா இது உம்ம சாயல்னு நீர்தான் சொல்லியிருக்கீர். உம்ம சாயலுக்குப் பால் எறங்கலை. எனக்கு வழி தெரியலை, நீரே புகட்டும்.” வழி தெரியவில்லை என்று அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விடிந்ததும் எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக ஒரு நர்ஸ் இருந்தாள். கம்பமெட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெண், பேச்சில் மலையாளம் அடிக்கும். காத்திருந்த நேரத்தில் நான் காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டதும் ஓடி வந்தாள்.

“அய்யோ அம்மச்சி, படுக்க வைக்காதீங்க! குஞ்ஞை நிமிர்த்தி வைங்க!”

“நாலு பிள்ளைக்குப் புகட்டுன சங்கு தாயி இது.”

“சங்கு சரி. காலுதான் தப்பு.”

பிள்ளையை வாங்கி, தன் கை மடிப்பில் நேராக உட்கார வைத்தாள். பிளக்காத பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் சங்கின் மூக்கை வைத்து ஒரு சொட்டு விட்டாள். பொறுத்தாள். இன்னொரு சொட்டு. பிள்ளையின் தொண்டை ஏறி இறங்கியது. மூக்கில் பால் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இதை எங்கன படிச்சே தாயி?”

“படிச்சதும் உண்டு. எங்கம்மா எனக்குப் புகட்டினதும் இப்படித்தான்” என்று தன் மேல் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். மூக்கிலிருந்து உதடுவரை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு.

அவ்வளவு நேரமும் அவள் முகத்துக்கு நேராகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிளந்த காயை எட்ட இருந்தே பிடிக்கிற என் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. அவள் பிள்ளையைப் பார்த்த பார்வைதான் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெயமணி பிள்ளையின் முகத்தை மூடவில்லை.

பிள்ளை தேறியது. எஸ்தர் என்று பெயர் வைத்தோம். சிரிக்கவும் கற்றுக்கொண்டாள். பிளந்த உதடு இரண்டு பக்கமும் விரிந்து, முகம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். பிறகு மதுரையில் உதட்டைத் தைத்தார்கள், அடுத்து அண்ணத்தையும் சேர்த்தார்கள். எல்லோரும் முகம் எவ்வளவு அழகாகிவிட்டது என்றார்கள். எனக்கோ அந்தப் பழைய சிரிப்பைக் காணாமல் ஏக்கமாகிவிட்டது. யாரிடம் சொல்வது? சாயலை அதில் பார்த்துப் பழகியிருந்தேனோ என்னவோ. வீக்கம் வடிந்து புதுச் சிரிப்பு வந்தது. அதிலும் அது இருந்தது. அப்படியானால் உதட்டில் இல்லை. எங்கே என்று இன்றைக்கும் விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது. அது மட்டும் தெரியும். கிட்டங்கியில் காயைப் பொறுக்குகிறேன், வெளியே வந்தால் மனிதரைப் பொறுக்குவதில்லை. பஸ்ஸில் எதிரே இருக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். “என்ன ஆத்தா பாக்குறே?” என்று சிலர் கேட்பார்கள்.

சபையாரே, இந்தச் சாட்சியை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யார் முகமாவது மூடிக் கிடந்தால் துணியை எடுங்கள். உங்களுக்குத் தெரியாததை ஆண்டவரிடம் தெரியாது என்றே சொல்லுங்கள். எனக்கு ஆள் அனுப்பினவர் உங்களுக்கும் அனுப்புவார். அவருக்கே மகிமை.

எஸ்தர் இப்போது ஆறாவது படிக்கிறாள். பேச்சில் கொஞ்சம் மூக்கு கலக்கும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்திருக்கத் தயங்குவாள். என் கோணல் எழுத்தை வீட்டில் அவளால்தான் படிக்க முடியும். இதோ, பள்ளிக்கூடப் பையோடு வந்துவிட்டாள்.

இங்கன வா ஆத்தா. அம்மாச்சி எழுதுனத மொதல்லருந்து வாசி. சத்தமா வாசி. வாசல்ல பேச்சி ஒக்காந்திருக்கா, அவளுக்கும் கேக்கட்டும்.