கண்ணாடிப் பலகையின் சாவி

அந்தச் சாவி சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார் செயலாளர். எழுபதுகளின் கடைசியில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து வாசகசாலையில் ஒரு சுவர்ப் பத்திரிகை இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம், ஒட்டியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான் அதன் பெருமை. சண்டை வந்தால் பூட்டிவைக்க ஒரு கண்ணாடிக் கதவு. ஆலையில் வேலை முடிந்து வந்து, ஒரு காசு வாங்காமல் செயலாளர் அதைக் கவனித்துக்கொண்டார். வாய் ஓயாமல் அதைச் சொல்லியும் காட்டுவார்.

ரப்பர் பால் ஏற்றும் லாரியில் வேலை செய்தவர் அப்பா. மேட்டில் பிரேக் பிடிக்காமல் லாரி பின்னால் உருண்டதில் இறந்துபோனார். அடுத்த வாரம் பலகையில் ஒரு வரி வந்தது: ‘குடிபோதையில் லாரியிலிருந்து விழுந்து மரணம்.’ எழுதியவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதி, அதன் மேல் ஒட்டினேன். கிராணி கிழித்தார். மறுபடி ஒட்டினேன். மறுபடி கிழித்தார். செயலாளர் வந்து கதவைப் பூட்டினார். அப்போது உள்ளே இருந்தது கிராணியின் வரி.

“அண்ணே, எம்புருசன் கள்ளைக் கையால தொட்டதில்ல. லயத்து வீடுகள்ல யாரை வேணும்னாலும் கேளுங்க,” என்றாள் அம்மா.

“நான் யார் பக்கமும் இல்ல தங்கச்சி. ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்க, பூட்டிட்டேன். இருக்கிறது இருக்கட்டும்லா. நான் என்ன சம்பளம் வாங்கிக்கிட்டா செய்றேன்?”

யார் பக்கமும் இல்லை என்று சொல்லும் ஆளை அன்றிலிருந்து எனக்குப் பிடிக்காது. பொய்யை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு என்ன நடுநிலை? சம்பளம் வாங்குகிறவர் என்றால் மேலிடத்தில் போய்ச் சொல்லலாம். இவரை எந்த வேலையிலிருந்து நீக்குவது? தோட்டமே அவரைத் தியாகி என்றது. எனக்கோ அந்தக் கயிற்றைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். சம்பள நாளில் வாசகசாலையில் கூட்டம் சேரும். அன்றைக்கெல்லாம் அம்மா, எந்த இடம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, அந்த வரியை முதுகால் மறைத்துப் பலகையில் சாய்ந்து நிற்பாள். கால் கடுத்தாலும் நகரமாட்டாள்.

எண்பதுகளில் தோட்டம் விலைபோனது. லயங்களை இடித்தார்கள், நாங்கள் ஜெலாப்பாங்குக்கு வந்துவிட்டோம். பிறகு செயலாளரும் போய்ச் சேர்ந்தார். இரங்கல் கூட்டத்தில் அவருடைய தன்னலமற்ற சேவையைப் புகழ்ந்தார்களாம். நான் போகவில்லை.

போன மாதம், இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு பக்கம் இருப்பதை என் மகன் காட்டினான். அதிலும் யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். சுவர்ப் பத்திரிகையின் பழைய புகைப்படத்தைப் பார்த்து, அப்பாவைப் பற்றிய வரியை அப்படியே ஏற்றியிருந்தார்கள். திருத்தினேன். ஆதாரம் இல்லை என்று பழையதே திரும்பி வந்தது. மறுபடி திருத்தினேன். பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். கணினித் திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எந்த இடம் என்று கேட்டு, நான் காட்டிய வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சாவி யாருகிட்ட இருக்கு?”

“பேரு தெரியலம்மா. யாரோ நிர்வாகியாம். சம்பளம் வாங்காம செய்றாராம்.”

அம்மா கையை எடுக்கவில்லை.