பொருத்தம் ஓட்டிய லினக்ஸ்

எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ் உயிரை விட்டது, அக்காவைப் பெண்பார்க்க வருகிற அன்று காலையில். மாப்பிள்ளை நிலாவெளிக்காரர், அக்காவோடு ஒரே கந்தோரில் வேலை. அம்மாவுக்குச் சாத்திரிமாரில் நம்பிக்கையில்லை, பொருத்தம் பார்க்கும் மென்பொருளில்தான் நம்பிக்கை. அதுவோ விண்டோஸில் ஓடுவது. "பொருத்தம் பாக்காமல் ஒருத்தருக்கும் தேத்தண்ணி குடுக்க ஏலாது" என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

நான் அப்போது ஆண்டு ஏழில் படித்தேன். வீட்டின் கணினி மேதை நான்தான் என்பது என் எண்ணம். அக்காவின் கலியாணமே என் கையில் கிடந்து துடிப்பதுபோல் நினைத்து, கோணேசர் கோயிலுக்குத் தேங்காய்களாக நேர்ந்து தள்ளினேன். நல்லவேளையாக ஓர்ஸ் ஹில்லில் இருந்து அம்மாவின் தம்பியான மாமா, விண்டோஸுக்குப் பதிலாகப் போட மூன்று விதமான லினக்ஸ் சீடிகளோடு வந்தார். போட்டால் சீடியிலிருந்தே ஓடும், விண்டோஸ் மென்பொருளையும் ஓட்டும் என்றார்.

நீலச் சீடி பொருத்தத்தைத் திறக்கவே மறுத்தது. தேங்காய் கூடியது. பச்சைச் சீடியில் பளிச்சென்று திறந்தது, எழுத்தெல்லாம் முத்துமுத்தாக. பத்துக்கு எட்டுப் பொருத்தம்! கீழே, 'மாப்பிள்ளைக்குச் செவ்வாய் தோஷம் உண்டு' என்றும் இருந்தது. செவ்வாய் ஒரு கிரகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதற்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று படிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தேன். மாமாவின் கை என் வாயைப் பொத்தியது.

"இந்த லினக்ஸ் சரிவராது."

"ஏன் மாமா? வடிவா ஓடுதே!"

"கதையாதை. மற்றதைப் போடு" என்றாள் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அக்கா.

மஞ்சள் சீடி ஊர்ந்தது. எண்கள் மட்டும் தெரிந்தன. தமிழ் முழுதும் வெறும் பெட்டி பெட்டியாக. "இதுதான் லினக்ஸ்!" என்று தொடையில் தட்டிய மாமா அம்மாவைக் கூப்பிட்டார்.

"எட்டுப் பொருத்தம், அக்கா."

"கீழை உந்தப் பெட்டியள் என்ன?"

"நல்ல பலன்தான். கூடாதெண்டால் சிவப்பிலை வரும்."

மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பெட்டிகளைக் கண்டால் சம்பந்தமே வேண்டாமென்று எழும்பிப் போய்விடுவார்களே! பச்சைச் சீடியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் பாய்ந்தேன். "இதிலை எல்லாம் வாசிக்கலாம் அம்மா!"

அக்கா அதைப் பறித்துக் கதிரையில் போட்டு, மேலேயே உட்கார்ந்தாள். படீரென்றது.

"தெரியாமல் மேலை இருந்திட்டன் அம்மா."

"சரி, எட்டு இருக்குத்தானே. வரட்டும்" என்றார் அம்மா.

நல்ல லினக்ஸ் போய்விட்டதே என்று நான் விம்ம, அக்கா பாட்டொன்றை முணுமுணுத்தபடி துண்டுகளைப் பொறுக்கினாள். உடைத்தவளுக்கு ஏச்சு விழவில்லை. அழுத எனக்கு மாமா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். பெரிய ஆட்களுக்குக் கணினியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.