அழுகாத திராட்சை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பூந்தமல்லி பஸ் நிலையம் அருகே பழக்கடை வைத்திருந்த பாய் என் நண்பர். கம்பத்திலிருந்து வரும் திராட்சை அவர் கடையில் இரண்டே நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். வரப்போகும் நோன்பு மாதத்திலும் சரக்கு வீணானால் இனி திராட்சையே எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சில வாழ்கின்றன. தோல் கீறிய இடத்தில் கசியும் சர்க்கரையை அவை முந்திக்கொண்டு தின்றால், பூஞ்சணத்துக்கு இரை கிடைக்காது. அப்படி ஒன்றை வளர்த்து, தண்ணீரில் கலந்து, ஆறு கூடைகளில் மூன்றுக்கு மட்டும் தெளித்து உலர்த்தினேன். தினமும் போய் அழுகிய பழங்களை எண்ணினேன். தெளிக்காத கூடைகளில் நூறைத் தாண்டியது, தெளித்தவற்றில் ஏழு. அந்த ஏழில் இரண்டு, கூடைக் குச்சி குத்தியவை. பாய்க்கு நம்பிக்கை வந்துவிட்டது. நோன்புக்கு வந்த சரக்கு முழுவதற்கும் தெளிக்கச் சொன்னார்.

முதல் நாளே ஓர் அம்மாள் பழத்தை முகர்ந்து பார்த்துக் கேட்டார். "இன்னா பாய், மருந்து அடிச்சதா?"

"மருந்து இல்லமா, ஈஸ்ட்டு."

"கள்ளு பொங்குதே, அதுவா?"

"அது வேற ஜாதி. இது பழத்துமேலயே கீறது."

"நோன்பு தொறக்கிற பழம் பாய். எதுக்கு வம்பு?" என்று அந்த அம்மாள் பேரீச்சம்பழம் மட்டும் வாங்கிப் போனார்.

பக்கத்து வாழைப்பழக்காரர் விடவில்லை. "அண்ணாத்தே, சாராயம் ஊறப்போட்டுகினு கீறியாமே? எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வை!"

அதற்குப் பிறகு, கேட்காதவர்களிடமும் பாய் தாமே சொல்ல ஆரம்பித்தார். எனக்குப் பதறியது. "கேட்டால் மட்டும் சொல்லுங்களேன்" என்றேன்.

"நோன்பு வச்சுகினு மறைச்சு விக்கச் சொல்றியா சார்?"

பள்ளிவாசல் இமாமிடமும் போய்க் கேட்டார். தோலில் இயற்கையாக இருப்பதுதானே, தோஷமில்லை என்றாராம். அன்று மாலை கடை வாசலில் எல்லோரும் பார்க்க அந்தத் திராட்சையைத் தின்றே நோன்பு திறந்தார். ஆனாலும் பேச்சு அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

இரண்டாம் வாரம் வாங்க ஆளில்லாமல் மிஞ்சிய கூடைகளை மாட்டுக்குப் போட வண்டியில் ஏற்றினார்கள். பாய் ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு பழம்கூடக் கெட்டிருக்கவில்லை.

"அழுகியிருந்தா மனசு ஆறியிருக்கும் சார். பாரு, நேத்து பறிச்சாப்ல கீது."

கூடத்தில் என் சோதனை முடிவைப் பாராட்டினார்கள். அதைக்கூட அவரிடம் சொல்ல முடியவில்லை.

அடுத்த நோன்புக்குப் பாய் கடையில் திராட்சை இல்லை. எதிர்க்கடையில் பூஞ்சணம் பிடித்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்து அடுக்கியிருந்தார்கள். அங்கே நல்ல கூட்டம்.