சக்கரத்தில் பூசியிருந்த கேட் பெயிண்ட்

அண்ணன் தன் பழைய காரை எனக்குக் கொடுத்தபோது அதன் நான்கு ரிம்களும் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே இரண்டு மழைக்காலம் நின்றதில் அந்தப் பளபளப்பு உரிய ஆரம்பித்தது. நாமே அடித்துவிடலாம் என்று ஸ்ப்ரே டப்பா வாங்கிவந்தேன். ஒரு சக்கரத்தைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, டயரைப் பேப்பரால் மூடி அடித்தேன். காய்வதற்குள் பெயிண்ட் பாலாடைபோல் சுருங்கி எழும்பியது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். இன்னும் மோசமாகியது.

கையெல்லாம் வெள்ளிக் கறையோடு அம்பத்தூர் பெயிண்ட் கடைக்குப் போய், மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தம் போட்டேன். கடைக்காரர் அசையவே இல்லை.

"டப்பா மேல தப்பு இல்ல மேடம். அடியில எவனோ கேட்டுக்கு அடிக்கிற எனாமல அடிச்சிகிறான். அது மேல இந்த பெயிண்ட்ல கீற தின்னர் பட்டா தூக்கத்தான் செய்யும். இரும்பு தெரியற வரைக்கும் எடுத்துட்டு அடிங்க. ஆமா, ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியா?"

கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகத்தான் ஏதாவது வந்திருக்கும். பெயிண்ட் ரிமூவரை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ரிமூவரைத் தடவியதும் பழைய பெயிண்ட் கொப்பளித்தது. சுரண்டினேன். போல்ட் துளைக்குப் பக்கத்தில் பெயிண்டோடு ஒரு கட்டியும் உதிர்ந்தது. டிங்கரிங் கடைகளில் ஒடுக்கு விழுந்த இடத்தை நிரப்ப வைக்கும் பட்டி அது. அதன் அடியில் இரும்பில் ஒரு விரிசல் ஓடியது, ஒரு துளையிலிருந்து அடுத்த துளை வரைக்கும்.

இந்தச் சக்கரத்தை நம்பித்தான் என் மகளைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன். லாரிகளுக்கு நடுவே, வேகமாக.

சக்கரத்தை அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆவடிக்குப் போனேன். அண்ணன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் உருட்டிவிட்டேன்.

"இது இன்னாண்ணா?"

விரிசல் எங்கே இருக்கிறது என்று அவன் தேடவில்லை. கண் நேராக அங்கேதான் போனது.

"பள்ளத்துல உட்டு அடிபட்டுச்சு. பட்டி வச்சி, ஊட்ல கேட்டுக்கு வாங்குன பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு, நாலுக்கும் அடிச்சேன். நல்லா ஓடிக்கினுதானே இருந்துச்சு? நீ இன்னாத்துக்கு அதப் போய் சொரண்டுனே?"

சுரண்டியது என் தப்பாம்!

"உன் பொண்ண இதுல ஏத்துவியா? சொல்லு, ஏத்துவியா?"

"கத்தாத. பக்கத்து ஊட்ல கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும். எல்லாருக்கும் நல்லா கேக்கட்டும்."

அண்ணி சமையலறையிலிருந்து வந்து, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். சக்கரத்தை அவர்கள் ஹாலிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மற்ற மூன்று ரிம்களையும் இரும்பு தெரியும்வரை சுரண்டிப் பார்த்தேன். துரு மட்டும்தான் இருந்தது. உடைந்ததற்குப் பதிலாகப் பழைய ரிம் ஒன்றை, பெயிண்ட் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். நான்குக்கும் பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மேல் பெயிண்டை மெல்லிசாக அடித்தேன். எங்கும் சுருங்கவில்லை.

பெயிண்ட் போனதற்காகத் தங்கச்சி சண்டை போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கமே வருவதில்லை என்று அண்ணன் சொந்தக்காரர்களிடம் சொல்லிவருகிறானாம். போன வாரம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணத்தில் சித்தி என்னிடம், "ஒரு பெயிண்டுக்குப் போயா?" என்று கேட்டாள். சாப்பாட்டுப் பந்தி என்றுகூடப் பார்க்காமல், நடந்த எல்லாவற்றையும் அவளிடம் உரக்கச் சொன்னேன்.