சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு பாஷை

என் மனைவி சரோஜினிதேவி ஒரு கையெழுத்துப் போடுவதற்குள் மற்றவர்கள் ஒரு கடிதமே எழுதி முடித்துவிடுவார்கள். கண்டியில் நீதிமன்றத்துக்குக் கிட்ட, ஒரு மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஒரு மேசையும் தட்டச்சுப்பொறியும் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்ற பலகையும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ், வாக்குமூலம், வாடகை ஒப்பந்தம் என்று தமிழைச் சிங்களமாக்குவாள், சிங்களத்தைத் தமிழாக்குவாள். ஆக்கியதை உடனே கொடுக்கமாட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, மூலத்தை ஒளித்துவைத்துவிட்டு, சிங்களத்தை மட்டும் என்னிடம் நீட்டித் தமிழில் சொல்லச் சொல்வாள். நான் சொன்னது மூலத்தோடு பொருந்தினால்தான் முத்திரை விழும். கம்பளை ரயில்வே ஸ்டேஷனில் இலிகிதர் வேலை பார்த்து, நாள் முழுக்கச் சனத்தோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு இந்தப் பரீட்சையும் தேவையா என்று தினமும் புறுபுறுப்பேன். அவள் காதில் அது விழாது.

1986இல் ஒரு நாள் சட்டத்தரணி அஸீம், மூக்காயி என்ற ஒரு தாயை அவளிடம் கூட்டிவந்தார். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுப்பவர். மகன் லெட்சுமணன் அங்கேயே பள்ளிக்கூட ஆசிரியர், இருபத்தெட்டு வயது. அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் களஞ்சியம் எரிந்துபோக, பொலிசார் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சோதித்தபோது அவன் எழுதிவைத்த கொப்பி ஒன்று அகப்பட்டது. எழுத்து தமிழ். ஆனால் ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. தீ வைக்கச் சொல்லும் இரகசிய உத்தரவுதான் இது என்று ஆளை உள்ளே போட்டுவிட்டார்கள்.

லெட்சுமணன் சொன்னது வேறு. விக்டோரியா அணை கட்டித் தண்ணீருக்குள் போன பழைய தெல்தெனியவில் சனங்கள் இன்னும் கடை திறந்து, சண்டை பிடித்து, குடித்தனம் நடத்துவதாக அவன் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தானாம். அவர்கள் பேசுவதற்கு அவனே ஒரு பாஷையும் செய்தானாம். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் இளைஞன் சொன்ன உண்மையையே நம்ப ஆளில்லை, இதை யார் நம்புவார்?

வழக்குக்கு ஆறு கிழமை இருந்தது. கொப்பியின் பிரதி ஒன்றைக் கொடுத்து, இதற்கு ஒரு மொழிபெயர்ப்பும் கையெழுத்தும் வேண்டும் என்றார் அஸீம். எனக்கு வழி சுலபமாகத் தெரிந்தது. பையனிடம் அர்த்தத்தைக் கேட்டு எழுதி, முத்திரையைக் குத்தி அனுப்பிவிடும், சரி பிழை பார்க்க நாட்டில் யார் இருக்கிறார் என்றேன்.

“அவர் சொல்லுறதை அப்பிடியே எழுதினால் அது அவரின்ரை வாக்குமூலம்,” என்றாள் சரோஜினி. “அதுக்கு என்ரை கையெழுத்து எதுக்கு?”

மூக்காயிக்கு எழுத வாசிக்கத் தெரியாது. “எம்புள்ள பொய் எழுதமாட்டாங்க. நீங்க படிச்சுப் பாருங்க, ஒங்களுக்கே தெரியும்,” என்றார். படித்துப் பார்க்கச் சொன்னதுதான் போதும், சரோஜினி அதைப் பிடித்துக்கொண்டாள்.

பழைய கலண்டர்த் தாள்களைச் சதுரமாக வெட்டினாள். சொல்லுக்கு ஒரு அட்டை. மேலே அந்தச் சொல், கீழே தமிழ், அதற்குக் கீழே சிங்களம், மூலையில் அது வரும் பக்கங்கள். பெட்டியின் ஒரு பாதி அந்தப் பாஷையிலிருந்து நம் மொழிகளுக்கு, மறு பாதி நம் மொழிகளிலிருந்து அந்தப் பாஷைக்கு. பெட்டி, நான் காலுக்குச் சப்பாத்து வாங்கியபோது வந்த பெட்டி. கேள்விகளை எழுதிக் கொடுப்பாள், அஸீம் மறியற்சாலைக்குக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வருவார். வந்த பதிலையும் நம்பமாட்டாள். அந்தச் சொல் வரும் இடமெல்லாம் வைத்துப் பார்ப்பாள். பன்னிரண்டாம் பக்கத்தில் கதவு என்றீர், நாற்பதாம் பக்கத்தில் அந்தக் கதவு எப்படி நீந்தும் என்று கேட்டு அனுப்பினாள். மன்னிக்கவும், நாற்பதாம் பக்கத்தில் எழுதியது பிழை என்று பதில் வந்தது. பாஷையைச் செய்தவனையே திருத்திய மனுஷியோடு நான் எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு பெட்டியை என்னிடம் தந்து, ஒரு பக்கத்தை நானாகவே தமிழாக்கச் சொன்னாள். ஒரு மணித்தியாலம் அட்டைகளோடு மல்லுக்கட்டி, ‘முடி வெட்டுகிறவர் மீனை மன்னித்துக் கதவைச் சாப்பிட்டார்’ என்று கொண்டுவந்து நிறுத்தினேன். எனக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. நாற்பது அட்டைகளைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினாள். தான் பக்கத்தில் இல்லாமலே பெட்டி வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவள் பிடிவாதம்.

“உங்களுக்கு விளங்கினால் கோர்ட்டில எவருக்கும் விளங்கும்,” என்றாள். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதற்கிடையில் சீருடையில்லாத இருவர் இரண்டு தரம் அவள் மேசைக்கு வந்து, என்ன எழுதுகிறாய், யாருக்கு எழுதுகிறாய் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலில் விழாத குறையாக இதை விட்டுவிடும்படி கெஞ்சினேன். அவள் வந்தவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டியதாகச் சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

வழக்கு நாளன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின்னால் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்தபடியே, இது இந்தப் பெண்ணின் கற்பனை என்றது அரச தரப்பு. சரோஜினி பெட்டியை மேசையில் வைத்து, நீதிமன்றத்தின் சொந்த மொழிபெயர்ப்பாளரே விரும்பிய பக்கத்தை எடுத்துப் பார்க்கட்டும், தான் வாய் திறக்கமாட்டேன் என்றாள். அவர் தமிழ் நன்றாகத் தெரிந்த சிங்களப் பெரியவர். ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து அட்டை அட்டையாகப் புரட்டினார். ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. தண்ணீரின் இழுவையில் கடைப் பெயர்ப்பலகைகள் இடம் மாறிப்போக, முடி வெட்டக் கேட்டுப் பேக்கரிக்குப் போகிறவர்களின் கதை சிங்களத்தில் வந்தது. அடுத்த வரியையும் பாருங்கள் என்று நீதவானே கேட்டார்.

உடனே பொலிஸ் அதிகாரி எழுந்து, தீ என்ற சொல்லை எடுத்துக் காட்டச் சொன்னார். பெரியவர் பெட்டியின் மறு பாதியைத் தேடி ஓர் அட்டையை எடுத்து வாசித்தார். ‘தீ, நெருப்பு: சொல் இல்லை. செய்தவரைக் கேட்டேன். செய்யவில்லை என்றார்.’

தண்ணீருக்கு அடியில் இருப்பவர்களுக்கு நெருப்பு எதற்கு என்றார் நீதவான். சபையில் சிரிப்பு எழுந்தது. அந்த அட்டையை இவள் வேண்டுமென்றே எழுதியிருக்கலாம் என்றார் அதிகாரி. நீதவான் லெட்சுமணனையே கேட்டார். மொழிபெயர்ப்பாளரின் மேசை முழுக்க அட்டைகள் பரவிக் கிடந்ததால், பதிலைச் சிங்களத்தில் சொல்லும்படி சரோஜினியைப் பார்த்துத் தலையசைத்தார்.

லெட்சுமணன் மெல்லத்தான் பேசினான். “தண்ணிங்கிறதால இல்லைங்க. எண்பத்து மூணு கலவரத்துல எங்க வீட்ட எரிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டு நின்னேன். எல்லாத்துக்கும் சொல்லு செஞ்சேன். அதுக்கு மட்டும் செய்ய மனசு வரலைங்க.”

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக் கூடாது. பேசியவர் ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதே எண்பத்து மூன்றில், கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த எங்கள் வீட்டையும் எரித்தார்கள். நான் அன்று கம்பளையில் வேலையில் இருந்தேன். அவள் தனியே எதிர்ப்புறம் நின்று பார்த்தாள். மூன்று வருடமாக அதைப்பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதில்லை.

நீதவான் இரண்டாம் தரம் தலையசைத்தார். சரோஜினி நிமிர்ந்து நின்று, சிங்களத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எங்கள் வீட்டை எரித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குரல் நடுங்கவில்லை. பின் வாங்கில் இருந்து அழுதது நான்தான்.

நீதவான் நெடுநேரம் எழுதினார். கொப்பியில் இருப்பது கதை, வேறு சாட்சி எதுவும் இல்லை, ஆளை விடலாம் என்று வாசித்தார். வெளியே மூக்காயி மகனின் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தார். சரோஜினி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாருங்கள் நடந்து போவோம் என்றாள்.

குளக்கட்டில் போகும்போது, அன்றைக்கு முதலில் எந்த அறையில் தீப்பிடித்தது, முன்வீட்டுக்காரர் தன்னை எப்படிப் பிடித்து இழுத்து வைத்திருந்தார், கூரை விழ எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.